பறங்கிக்காய் எப்போது நாட்டுக்காய் ஆயிற்று?

பொங்கல் மலர் என்பது தமிழில் தனியான ஓர் இலக்கிய வகை. அதற்கு இலக்கணமே எழுதிவிடலாம். முதலில் ஒரு சங்கப்பாட்டு வர வேண்டும், தைந்நீராடல் வர வேண்டும், பிறகு ஞாயிறு, ஏர், மாடு. கடைசியில் நம் முன்னோர் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர் என்று முடிய வேண்டும். சமீப காலமாக இந்த வகைக்குள் ஒரு கிளை தழைத்து வருகிறது: ‘பாரம்பரிய உணவு’. பானையில் என்ன வேகிறது என்பதை வைத்தே நாம் யார் என்று நிறுவிவிடுகிற எழுத்து. மண்பானை, பச்சரிசி, மஞ்சள் குலை, கரும்பு, கூட்டுக் காய்கள் என ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம் வருஷம் வயது போடப்படுகிறது. போடுகிறவர்களுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

என் பேச்சு அந்தச் சொல்லாடலைப் பற்றியது. பொங்கலோடு எனக்குச் சண்டை கிடையாது. அடிப்பிடித்த சர்க்கரைப் பொங்கலைச் சுரண்டித் தின்கிற ஆள்தான் நானும்.

கூட்டிலிருந்தே தொடங்கலாம். பொங்கலன்று ஏழு காய், ஒன்பது காய் என்று ஒற்றைப்படையில் எண்ணிப் போடுகிற கூட்டு பல வீடுகளில் உண்டு. அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, பறங்கிக்காய் என்று போகும் பட்டியல். என் அத்தை எண்ணும்போது பறங்கிக்காயைத்தான் முதலில் எண்ணுவார். ‘உருளைக்கிழங்கு போடக் கூடாதா அத்தை?’ என்று ஒருமுறை கேட்டதற்கு, ‘அது நாட்டுக்காய் இல்லடா’ என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில். உருளைக்கிழங்கும் பறங்கிக்காயும் ஒரே கண்டத்துச் சரக்கு. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கியதற்குப் பிறகுதான் இவை இங்கே தலைகாட்டியிருக்க முடியும். ஒன்று கூட்டுக்குள் முதல் காயாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றது இன்னும் வாசலில் நிற்கிறது. இத்தனைக்கும் பறங்கிக்காய் தன் பெயரிலேயே ஊரைச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறது. பறங்கி என்றால் ஐரோப்பியன். அரபு, பாரசீக வழியாக வந்த சொல். அந்நியன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்த காய் நாட்டுக்காய் ஆகிவிட்டது. எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரைவள்ளியின் கதை இதைவிட நுட்பமானது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கிழங்குதான். ஆனால் அதற்குப் பறங்கி முத்திரையோ சீமை முத்திரையோ குத்தப்படவில்லை. குறிஞ்சி நிலத்தில் அகழ்ந்து எடுக்கிற வள்ளிக்கிழங்கின் பெயரை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார்கள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்டவள் முருகனின் வள்ளி என்கிறது கந்தபுராணக் கதை. ஆக, கடல் கடந்து வந்த ஒரு கிழங்கு குறத்தியின் பெயரோடு பொங்கல் படையலில் உட்கார்ந்திருக்கிறது. இதைவிடச் சிறந்த பூர்வீகச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

முந்திரியும் அப்படித்தான். பழைய தமிழில் முந்திரிகை என்பது திராட்சை. கொடிமுந்திரி என்று சொல்கிற வழக்கு இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த கொட்டை அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. திராட்சை வேறு பெயருக்குப் போய்விட்டது. சர்க்கரைப் பொங்கலுக்கு நெய்யில் வறுபடுகிறபோது பெயரை எடுத்துக்கொண்டதும் பெயரைப் பறிகொடுத்ததும் ஒரே கரண்டியில் புரள்கின்றன. (பண்ருட்டிப் பக்கம் அந்தக் கொட்டையை உடைக்கிற பெண்களின் விரல்களை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் புண்ணாக்கிவிடுகிறது. பொங்கல் மலர்களின் ‘மண்ணின் மணம்’ கட்டுரைகளில் இந்த விரல்கள் தென்படுவதில்லை.)

வந்ததை மறப்பது மட்டும்தான் மரபின் வேலை என்றும் சொல்ல முடியாது. கரும்பைப் பாருங்கள். கரும்பின் தோற்றுவாய் நியூகினி என்கிறார்கள் தாவரவியலார். நம்மிடமோ அது ‘வந்தது’ என்பதற்குப் புறநானூற்றிலேயே பதிவு இருக்கிறது. அதியமானின் முன்னோர் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததாக ஔவையார் புகழ்ந்து பாடுகிறார். அரசகுலம் கொண்டுவந்தால் வரவு புகழாகிறது, பாட்டில் ஏறுகிறது. கப்பற்காரனும் தோட்டக்காரனும் கூடைக்காரியும் கொண்டுவந்த பறங்கிக்காயின் வரவைப் பாட ஆள் இல்லை. எது நினைக்கப்படுகிறது, எது மறக்கப்படுகிறது என்பது எதன் வயதையும் பொறுத்ததல்ல. கொண்டுவந்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலருக்கு உற்சாகம் பிறந்துவிடும். ‘பார்த்தீர்களா, எல்லாமே கட்டமைக்கப்பட்டதுதான்’ என்பார்கள். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த ‘மரபைக் கண்டுபிடித்தல்’ நூலின் தலைப்பை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, கையில் கிடைத்த சடங்கையெல்லாம் ‘இது நேற்று முளைத்தது’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு விமர்சனம் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. 1792 முதல் 1823 வரை இந்தியாவில் இருந்த துபுவா பாதிரியார் போகி, சூரியப் பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மூன்று நாளையும் விவரித்து எழுதியிருக்கிறார். நமக்கு அடையாளம் தெரிகிற பொங்கல்தான் அது. வடிவம் நின்றிருக்கிறது. உள்ளே போகிற பண்டம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதைப் பொய் என்பது ‘இரண்டாயிரம் வருஷம்’ என்பதைப் போலவே சோம்பேறித்தனம். இரு தரப்பாரும் கேட்பது ஒரே கேள்வி: எப்போது வந்தது? ஒருவர் தேதியைப் பின்னால் தள்ளுகிறார், மற்றவர் முன்னால் இழுக்கிறார்.

தோற்றுவாய் என்கிற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவரை, மொச்சை இரண்டுக்கும் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில். ‘சிறுதானியம்’ என்ற புதிய கௌரவத்தோடு வலம் வருகிற கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றும் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தேதியும் அப்படித்தான். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 22ஐ ஒட்டி. ஏறத்தாழ எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்று நகர்ந்து, இரண்டுக்கும் இடையில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1700 வருஷத்துக்கு முன்பு. பானையைச் சூரியனுக்குக் காட்டுகிற நாளில் சூரியன் திரும்பி நெடுநாளாகிவிடுகிறது. ஆனால் தைப் பொங்கலின் பொருள் வானத்தில் இல்லை, களத்துமேட்டில் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு வருகிற காலம் அது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். எது எப்போது வந்தது என்பதைவிட, எது எந்த இலைக்கு அனுமதிக்கப்பட்டது, அனுமதித்தவர் யார் என்று கேட்டால் பிரதி வேறு மாதிரித் திறந்துகொள்கிறது. உணவையும் சடங்கையும் வரலாற்றுச் சான்றாக வாசிக்க நமக்கு வழி திறந்தவர் தொ. பரமசிவன். ‘அறியப்படாத தமிழகம்’ (1997) வந்த பிறகு உப்பையும் சோற்றையும் பழைய கண்ணோடு பார்க்க முடியாமல் போயிற்று. அவர் வழியில் வந்தவர்களில் பலர் அவருடைய வரலாற்று உணர்வை விட்டுவிட்டு, பழசு எல்லாம் நம்முடையது என்கிற பெருமிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் கெடுதல்.

அனுமதி என்பதற்கு எடுத்துக்காட்டாகத் திவசச் சமையலைப் பார்க்கலாம். பார்ப்பன வீடுகளில் திவசத்தன்று மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், கேரட் எதுவும் உள்ளே வராது. வீட்டுக்கு வீடு பட்டியல் கொஞ்சம் மாறும். பொதுவிதி இதுதான். மிளகாய் என்ற பெயரே ‘மிளகு போன்ற காய்’ என்று தன் பிற்காலத்தை ஒத்துக்கொள்கிற பெயர். மிளகு இருந்த இடத்துக்கு அது வந்து எல்லாச் சமையலறைகளையும் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களின் இலையை மட்டும் பிடிக்க முடியவில்லை. அந்த இலையில் சாப்பிட வருகிற முன்னோர் மிளகாய் தெரியாதவர்கள், பறங்கிக் கப்பலுக்கு முந்தையவர்கள். பாட்டி உயிரோடு இருந்தபோது நார்த்தங்காய் ஊறுகாயில் மிளகாய்த்தூள் போதவில்லை என்று சண்டை போட்டவளாகக்கூட இருக்கலாம். செத்த மறுவருஷம் அவளும் 15ஆம் நூற்றாண்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள்.

இதற்கு நேர் எதிரே இருப்பது நாட்டார் படையல். இறந்தவருக்கு என்ன பிடிக்குமோ அது வைக்கப்படுகிறது: கருவாட்டுக் குழம்பு, சாராயம், பீடி, பிஸ்கட். பீடி எப்போது தமிழ்நாட்டுக்கு வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்பனுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே முன்னோர் என்பவர் பெயரும் ருசியும் உள்ள ஓர் ஆள். அங்கே முன்னோர் ஒரு விதி. இரண்டும் பாரம்பரியம்தான். ஆனால் ‘பாரம்பரிய உணவு’ என்று மலர்களில் அச்சாகிறபோது முதல் வகையின் தர்க்கம்தான் செல்லுபடியாகிறது. கலப்பில்லாததே உயர்வு, பழையதே தூயது என்கிற தர்க்கம். பார்ப்பனியத்தை எதிர்த்து எழுதுகிற கைகளும் தட்டு என்று வரும்போது திவசத் தட்டைத்தான் தேடுகின்றன என்பது வேடிக்கை.

இனி பானைக்கு வரலாம். லெவி-ஸ்த்ராஸ் சமையல் முக்கோணம் பற்றி எழுதிய கட்டுரையில் (1965) வேகவைப்பதையும் சுடுவதையும் எதிர்நிலைகளாக நிறுத்துகிறார். வேகவைத்தது வீட்டுக்குள், நெருங்கிய வட்டத்துக்கு. சுட்டது வெளியே, விருந்தாளிக்கு. வேகவைப்பது சாற்றை வீணாக்காமல் காக்கிற சிக்கனம். சுடுவது சொட்டவிட்டு இழக்கிற ஆடம்பரம். பொங்கல் இந்த எதிர்நிலைகளைக் குழப்பிவிடுகிறது. வேகவைப்பதுதான், ஆனால் அடுக்களையில் அல்ல, முற்றத்தில், ஊர் பார்க்க. பானைச் சமையல்தான், ஆனால் சிக்கனம் இல்லை. மற்ற நாளில் பால் பொங்கி வழிந்தால் அடுப்படியில் இருப்பவளுக்குத் திட்டு விழும். அன்றைக்கு வழியாவிட்டால்தான் குற்றம். ஆண்டு முழுக்க அளந்து அளந்து போடுகிற வீடு, அளவு மீறுவதைத் தானே கூப்பிட்டு வேடிக்கை பார்க்கிற நாள் அது. பொங்கலின் அழகு எனக்கு இதில்தான் இருக்கிறது. ‘தமிழர் திருநாள்’ என்று திராவிட இயக்கம் இதைத் தேர்ந்துகொண்டதும் தற்செயல் அல்ல. புராணம் தேவைப்படாத, புரோகிதர் தேவைப்படாத பண்டிகை.

ஆனால் வழிவதற்கு முதலில் பானை நிறைந்திருக்க வேண்டும். யார் வீட்டில் நிறைந்தது?

மானாவாரி நிலங்களில் நெல்லுச்சோறு என்பது விசேஷ நாள் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், கேப்பைக் களி, சோளச்சோறு. தீபாவளிக்குத்தான் இட்லி என்று சொல்கிற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்குப் பொங்கல் என்பது அரிசி என்ற பண்டத்தின் வருகை. இனிப்பு பிறகுதான். நெல் விளைகிற காவிரிப் படுகையிலோ நிலைமை இன்னும் கொடூரமான முறையில் தெளிவானது. நட்டவர்களும் அறுத்தவர்களும் அடித்தவர்களும் தலித் பண்ணையாட்கள். கூலி நெல்லாக, மரக்காலில் அளக்கப்பட்டது. அந்த மரக்கால்தான் அவர்கள் அரசியலாகவும் இருந்தது. பொங்கலுக்குப் பண்ணை வீட்டில் வேட்டியோ துண்டோ நெல்லோ கொடுப்பார்கள். கொல்லைப்புறத்தில் பாத்திரத்தை நீட்டினால் பொங்கல் விழும். முற்றத்தில் வழிந்த பாலை அவர்கள் பார்த்தது எந்தத் தொலைவிலிருந்து?

‘சாணிப்பால், சவுக்கடி’ என்பது கீழத்தஞ்சையில் தண்டனையின் பெயர். பண்ணையாளைக் கட்டிவைத்து அடிப்பது, சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயச் சங்கம் முதலில் நிறுத்தியது இதைத்தான். பொங்கலன்று அதே முற்றத்தில் சாணியைப் பிடித்து அருகம்புல் செருகிப் பிள்ளையாராக வைக்கிறோம். சாணி ஒன்று, மாடு ஒன்று, அள்ளிய கையும் ஒன்று. ஒருவனுக்குத் தெய்வம், ஒருவனுக்குத் தண்டனை. சாணிப் பிள்ளையாரின் பழமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தச் சாணியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம்.

1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பூசலின் மையத்தில் இருந்தது அறுவடைக் கூலி, கூடுதலாகக் கேட்ட கொஞ்சம் நெல். பொங்கலுக்கு இருபது நாள் இருந்தது. அந்தத் தையில் அந்த வட்டாரத்துப் பண்ணை வீடுகளில் புதுப்பானைக்குப் போன அரிசி எந்த வயலின் அரிசி என்று கேட்காமல், ‘உழவர் திருநாள்’ என்று ஒருமையில் எழுதிவிட முடியுமா? உழவர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நிலம் வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஒன்றாக அடைபட்டுப் போகிறார்கள். அந்தச் சொல்லின் சௌகரியமே அதுதான்.

அப்பாதுரை 1981இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தமிழ்ப் பார்ப்பனரிடையே சாப்பாடு எப்படி அந்தஸ்துச் சண்டையின் மொழியாக இயங்குகிறது என்று காட்டினார். கூர்மையான கட்டுரை. ஆனால் அவர் பார்த்த மூன்று இடங்கள் வீடு, கல்யாணப் பந்தி, கோயில். மூன்றுக்கும் கூரை உண்டு. களத்துமேடு இல்லை. பந்தியில் முதல் வரிசையா இரண்டாம் வரிசையா என்கிற சண்டைக்கு, முதலில் பந்திக்குள் விட வேண்டும். பறங்கிக்காய் மூன்று நான்கு நூற்றாண்டுக்குள் படையலுக்குள் போய்விட்டது. அதைக் கொடியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்து திண்ணையோரம் வைத்தவர் திண்ணையேறவில்லை. காய்க்குப் பூர்வீகம் மறக்கப்பட்டது, ஆளுக்கு மறக்கப்படவில்லை. மரபின் நினைவாற்றல் குறைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1967க்குப் பிறகு அரிசி அரசியலாயிற்று. ரூபாய்க்கு ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று வாக்குறுதி தந்த தேர்தலோடு தமிழ்நாட்டின் ஆட்சியே மாறியது. பசுமைப் புரட்சி நெல் ரகங்கள் வந்தன, ரேஷன் கடை ஊரூராக வந்தது, 2011இல் அட்டைக்கு 20 கிலோ வரை அரிசி இலவசமாயிற்று. வெறும் ஓட்டுக்கணக்கு என்று இதை எள்ளுகிறவர்கள் நெல்லுச்சோற்றுக்காகப் பண்டிகையை எதிர்பார்த்தவர்கள் அல்லர். விசேஷ நாளில் மட்டும் வந்துகொண்டிருந்த பண்டம் தினசரி ஆனது என்பது சாப்பாட்டில் நடந்த பெரிய சமூக மாற்றம். எந்தப் பொங்கல் மலரும் அதைப் பண்பாட்டு வரலாறாகக் கருதிப் பக்கம் ஒதுக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது பானைக்குள் போவதை அரசும் எழுதுகிறது. 2022இல் 21 பொருட்கள் கொண்ட பை கொடுத்தார்கள். அதில் வெல்லம் இளகி ஒழுகியது என்று ஊரெல்லாம் பேச்சு. 2023இல் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக்கரும்பு ஒன்று, ரொக்கம் ஆயிரம் ரூபாய். வெல்லம் போய் ஆலைச் சர்க்கரை வந்துவிட்டது. இந்த வெள்ளைச் சர்க்கரைக்குத் தென்மாவட்டங்களில் சீனி என்று பெயர், சீனத்தை நினைவுபடுத்துகிற பெயர். அஸ்கா என்று சொல்வோரும் உண்டு. அஸ்கா ஓர் ஊர். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்து, இன்று ஒடிசாவில் இருக்கிற கஞ்சம் மாவட்டத்து ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் நடத்திய ஆலையின் சர்க்கரை ஊர்ப்பெயரோடு நம் அடுக்களைக்கு வந்தது. சர்க்கரைப் பொங்கலில் இனி அஸ்காவா வெல்லமா என்று தூய்மைவாதிகள் கவலைப்படட்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் ஒரே பையை, ஒரே வாசலில், ஒரே அளவில் வாங்குகிறார்கள் என்பதை நான் கவனிக்கிறேன். கொல்லைப்புறத்துப் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயமில்லை.

இதே நேரத்தில் மறுகரையில் கம்பு ஏறிக்கொண்டிருக்கிறது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. தினைப் பொங்கல், வரகுப் பொங்கல் என்று அட்டைப்பெட்டியில் வருகிறது. உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அரிசி கிடைக்காதவனின் சாப்பாடாக இருந்தவரைக்கும் அதற்குப் பாரம்பரியம் என்ற பெயர் கிடைக்கவில்லை, ‘கூழுகுடிச்சான்’ என்ற வசவுதான் கிடைத்தது. அரிசி எல்லோருக்கும் வந்ததும், வசதியுள்ளவர்களின் தட்டு வேறு பண்டத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த நகர்வுக்குத்தான் இப்போது ‘வேர்களுக்குத் திரும்புதல்’ என்று பெயர்.

அடுத்த மலர் தொகுக்கிறவர்கள், கவிஞர்களிடம் கவிதை கேட்பதோடு, எழுபது வயது தாண்டிய நாலு பேரிடம் போய்க் கேட்டு அப்படியே அச்சில் போடலாம். உங்க வீட்ல நெல்லுச்சோறு தினமும் ஆக ஆரம்பிச்சது எந்த வருஷம்? பண்ணை வீட்டுப் பொங்கலை எந்த வாசல்ல நின்னு வாங்குனீங்க? அதை எந்தப் பாத்திரத்துல வாங்குனீங்க, அந்தப் பாத்திரம் யாரோடது?